குவாண்டம் கணினியும் திருப்பூரின் பணப் பரிமாற்றப் பாதுகாப்பும்

குவாண்டம் கணினி என்பது அணு அளவிலான துகள்களின் இயற்பியல் விதிகளைப் பயன்படுத்திக் கணக்கிடும் கணினி ஆகும். வங்கிகள், சுங்கத்துறை, வரித்துறை ஆகியவை இன்று நம்பியிருக்கும் மறையாக்க முறைகளில் ஒரு முக்கியப் பிரிவை, போதிய அளவு பெரிய குவாண்டம் கணினி உடைத்துவிடும் என்பது 1994 முதல் தெரிந்த செய்தி. அத்தகைய கணினி இன்னும் உருவாகவில்லை. எனினும் அது வரும் நாள்வரை காத்திருந்து பூட்டை மாற்றினால் சில வகை ஆவணங்களுக்குக் காலம் கடந்துவிடும். எந்த ஆவணத்துக்குக் காலம் இருக்கிறது, எதற்கு இல்லை என்பதைத் திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலின் பணப் பரிமாற்றத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

பனியன் நகரில் பணம் செல்லும் வழி

2009-இல் தனி மாவட்டமான திருப்பூர், இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் அளிக்கிறது. 2024-25 நிதியாண்டில் இங்கிருந்து நடந்த ஏற்றுமதியின் மதிப்பு ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய். இத்தொகை முழுவதும் ஏதோ ஒரு கட்டத்தில் கணினிச் செய்தியாகவே நகர்கிறது.

ஐரோப்பாவிலுள்ள ஒரு வாங்குபவர் ஒரு லட்சம் டி-ஷர்ட்டுக்கு ஆர்டர் தருகிறார் என்று கொள்வோம். அவருடைய வங்கி, திருப்பூர் ஏற்றுமதியாளரின் வங்கிக்குக் கடன் உறுதிக் கடிதத்தை (எல்.சி.) ஸ்விஃப்ட் வலையமைப்பு வழியாக அனுப்பும். அதைக் காட்டி ஏற்றுமதியாளர் பேக்கிங் கிரெடிட் கடன் பெறுவார். நூல் வாங்கி நிட்டிங், சாயப்பட்டறை, காம்பாக்டிங், பிரிண்டிங், கட்டிங், தையல், அயர்ன், பேக்கிங் என்று பல கைகள் மாறிச் சரக்கு உருவாகும். ஒவ்வொரு கைக்கும் ஒரு ஜாப் ஒர்க் பில், அதற்கொரு ஜி.எஸ்.டி. கணக்கு. சரக்குத் தூத்துக்குடித் துறைமுகம் போகும் முன் சுங்கத்துறையின் ஐஸ்கேட் தளத்தில் ஷிப்பிங் பில் டிஜிட்டல் கையொப்பத்துடன் பதிவாகும். பணம் வந்தபின் பெறும் வருவாய்ச் சான்றும் மின்னணு வடிவில்தான். சனிக்கிழமைச் சம்பளம் வாங்கும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் தொழிலாளி அன்று மாலையே கைப்பேசியில் யுபிஐ வழியாக ஊருக்குப் பணம் அனுப்புவார். 2025 ஆகஸ்டில் நாடு முழுவதும் நடந்த யுபிஐ பரிவர்த்தனைகள் முதன்முறையாக ஒரே மாதத்தில் 2,000 கோடி என்ற எண்ணிக்கையைத் தாண்டின.

இந்தச் சங்கிலியின் கண்ணிகளில் மறையாக்கம் இரண்டு வேலைகளைச் செய்கிறது. செய்தியைப் பிறர் படிக்காமல் மறைப்பது ஒன்று. அனுப்பியவர் உண்மையில் அவர்தான் என்று உறுதிசெய்வது மற்றொன்று. இவ்விரண்டையும் பிரித்துப் பார்ப்பது அவசியம். குவாண்டம் கணினியால் வரும் ஆபத்து இரண்டுக்கும் ஒரே மாதிரி இல்லை.

பூட்டின் கணக்கு

53-ஐ 61-ஆல் பெருக்குக என்றால் ஆறாம் வகுப்பு மாணவர் 3233 என்று உடனே சொல்லிவிடுவார். 3233 எந்த இரு பகா எண்களின் பெருக்கல் என்று கேட்டால் சிறிது நேரம் திணறுவார். எண்கள் பெரிதாக ஆக, பெருக்குவது எளிதாகவே இருக்கும். பிரிப்பது மட்டும் மலைபோல் வளரும். சாயப்பட்டறையில் இரண்டு சாயங்களைக் கலப்பது நொடி வேலை, கலந்த தொட்டியிலிருந்து அவற்றைப் பிரித்தெடுப்பது ஆகாத காரியம் என்பதைப் போன்றது இது. 1977-இல் ரிவெஸ்ட், ஷமிர், அடில்மன் ஆகிய மூவரும் உருவாக்கிய ஆர்.எஸ்.ஏ. முறை இந்த ஒருவழித் தன்மையின்மீது நிற்கிறது. பெருக்கி வந்த எண்ணை ஊரறியச் சொல்லலாம். அது பொதுச்சாவியின் பகுதி. அதன் காரணிகளை அறிந்தவர் மட்டுமே தனிச்சாவியைப் பெற முடியும்.

அதே ஆண்டு மார்ட்டின் கார்ட்னர் சயின்டிபிக் அமெரிக்கன் இதழில் 129 இலக்க எண் ஒன்றைக் கொண்டு பூட்டப்பட்ட செய்தியை வெளியிட்டார். அதைத் திறப்பவருக்கு 100 டாலர் பரிசு. அக்காலக் கணிப்பில் அதற்குக் கோடானுகோடி ஆண்டுகள் தேவைப்பட்டிருக்கும். ஆனால் 1994-இல் சுமார் 600 தன்னார்வலர்கள் இணையம் வழியாக 1,600 கணினிகளைச் சேர்த்துச் சில மாதங்களில் அதைத் திறந்துவிட்டனர். பூட்டின் ஆயுள் பற்றிய கணிப்புகள் எப்படிப் பொய்க்கும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது. இன்று பரவலாகப் பயன்படுவது 617 இலக்கங்கள் கொண்ட 2048 பிட் எண். சாதாரணக் கணினிகளால் வெளிப்படையாக உடைக்கப்பட்டவற்றில் பெரியது, 2020-இல் உடைந்த 829 பிட் எண்தான்.

ஏ.டி.எம். வலையமைப்பிலும் சேமித்த தரவுகளைக் காப்பதிலும் பயன்படும் ஏ.இ.எஸ். போன்ற ஒற்றைச்சாவி முறைகள் வேறு வகை. பூட்டவும் திறக்கவும் ஒரே சாவி. 1996-இல் லவ் குரோவர் கண்ட குவாண்டம் வழிமுறை இவற்றின் வலிமையைக் குறைக்கும், ஆனால் அழிக்காது. 256 பிட் சாவியைப் பயன்படுத்தினால் அங்கே கவலை இல்லை. ஆகவே "குவாண்டம் வந்தால் எல்லாப் பூட்டும் உடையும்" என்று பரவும் பேச்சு தவறு. உடையக்கூடியவை ஆர்.எஸ்.ஏ., நீள்வளைவு முறை போன்ற பொதுச்சாவிப் பூட்டுகள்.

ஷோர் கண்ட வழி

அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இருந்த பீட்டர் ஷோர், அதே 1994-இல், காரணிப்படுத்தலை வேறொரு கணக்காக மாற்றினார். துணியில் பிரிண்ட் போடும்போது ஒரு டிசைன் எத்தனை சென்டிமீட்டருக்கு ஒருமுறை திரும்ப வருகிறதோ, அதை ரிப்பீட் என்பார்கள். ஷோரின் வழிமுறை தேடுவதும் ஒரு ரிப்பீட்டைத்தான்.

15 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். 7, 7², 7³, 7⁴ என்று அடுக்குகளை 15-ஆல் வகுத்தால் மீதிகள் 7, 4, 13, 1 என்று வரும். அதன்பின் மீண்டும் 7, 4, 13, 1. ஆக ரிப்பீட் 4. அதில் பாதி 2. 7² என்பது 49; அதற்கு முன்னும் பின்னும் உள்ள எண்கள் 48, 50. 48-க்கும் 15-க்கும் மீப்பெரு பொதுக்காரணி 3. 50-க்கும் 15-க்கும் மீப்பெரு பொதுக்காரணி 5. இதோ 15-இன் காரணிகள்.

சிறு எண்ணுக்கு இதைத் தாளிலேயே செய்யலாம். 617 இலக்க எண்ணுக்கு ரிப்பீட்டின் நீளமும் நூற்றுக்கணக்கான இலக்கங்களில் இருக்கும். ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்க இயலாது. குவாண்டம் கணினியின் அடிப்படை அலகான கியூபிட், 0 நிலையும் 1 நிலையும் கலந்த மேற்பொருந்தல் நிலையில் இருக்கக்கூடியது. பல கியூபிட்டுகளைக் கோத்து, ரிப்பீட்டுக்குப் பொருந்தும் விடைகளின் அலைகள் ஒன்றையொன்று வலுப்படுத்தவும் பொருந்தாதவை ஒன்றையொன்று அழிக்கவும் செய்வதே ஷோரின் உத்தி. எல்லாச் சாவிகளையும் ஒரே நேரத்தில் போட்டுப் பார்க்கும் இயந்திரம் என்று பல நூல்களில் எழுதியிருப்பது சரியன்று. அப்படிப் பார்த்தாலும் இறுதியில் அளக்கும்போது ஒரே ஒரு விடைதான் கிடைக்கும். அது தவறானதாகவே இருக்க வாய்ப்பு மிகுதி.

2001-இல் ஐ.பி.எம். ஆய்வாளர்கள் 7 கியூபிட்டுகளைக் கொண்டு இதே 15-ஐக் காரணிப்படுத்திக் காட்டினர். 2023 டிசம்பரில் ஐ.பி.எம். 1,121 கியூபிட் கொண்ட காண்டோர் சில்லை அறிவித்தது. 2024 டிசம்பரில் கூகுள் வெளியிட்ட வில்லோ சில்லில் 105 கியூபிட்டுகளே உண்டு. ஆனால் பிழைதிருத்தத்துக்குச் சேர்க்கும் கியூபிட்டுகள் கூடக்கூடப் பிழை குறைகிறது என்பதை அது காட்டியதால் அறிவியலாளர்கள் அதையே பெரிதாக மதிக்கின்றனர். 2048 பிட் ஆர்.எஸ்.ஏ. பூட்டைத் திறக்க 2 கோடி கியூபிட் வேண்டும் என்று 2019-இல் கிரெய்க் கிட்னியும் மார்ட்டின் எக்கெரோவும் கணக்கிட்டனர். 2025 மே மாதத்தில் கிட்னியே அதைப் பத்து லட்சத்துக்கும் கீழாகக் குறைத்தார். பூட்டை நோக்கி இருபுறமிருந்தும் நெருங்குகிறார்கள்: இயந்திரம் வளர்கிறது, தேவைப்படும் இயந்திரத்தின் அளவு சுருங்குகிறது.

இன்று நகலெடுத்து நாளை திறப்பது

பூட்டிய பெட்டியைத் திறக்க முடியாத திருடன் அதைத் தூக்கிச் சென்று வீட்டில் வைத்துக்கொள்ளலாம். இணையத்தில் ஓடும் மறையாக்கப்பட்ட செய்திகளையும் அவ்வாறே நகலெடுத்துச் சேமித்து, குவாண்டம் கணினி வந்தபின் திறக்கலாம். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகக் கணித அறிஞர் மிக்கேல் மோஸ்கா இதற்கு ஒரு எளிய சமனிலி தந்தார். தரவு எத்தனை ஆண்டுகள் இரகசியமாக இருக்க வேண்டும், பூட்டுகளை மாற்ற எத்தனை ஆண்டுகள் ஆகும் என்னும் இரண்டையும் கூட்ட வேண்டும். அந்தக் கூட்டுத்தொகை குவாண்டம் கணினி வருவதற்கு எஞ்சியுள்ள ஆண்டுகளை விட மிகுதியாக இருந்தால், ஆபத்து ஏற்கெனவே தொடங்கிவிட்டது என்று பொருள்.

திருப்பூரின் தாள்களை இந்தத் தராசில் வைத்துப் பார்த்தால் சில விடைகள் ஆறுதல் தரும். ஒரு எல்.சி.யின் வாழ்நாள் சில மாதங்கள். அடுத்த கோடைக்கான விலைப்பட்டியல் அக்கோடை முடிந்தால் பழங்கதை. டி-ஷர்ட்டின் டிசைன் கடைக்கு வந்ததும் உலகறிந்தது. 15 ஆண்டு கழித்து இவற்றைத் திறந்து பார்ப்பவருக்கு ஒன்றும் கிடைக்காது.

தொழிலாளரின் ஆதார் எண், கைரேகை, வருங்கால வைப்புநிதிப் பதிவு, மருத்துவக் காப்பீட்டு விவரம் ஆகியவற்றின் நிலை வேறு. கடவுச்சொல்லை மாற்றலாம், கைரேகையை மாற்ற முடியாது. இருபது வயதில் வேலைக்குச் சேர்ந்த பெண்ணின் விவரங்கள் இன்னும் ஐம்பது ஆண்டுகள் அவருடையவையாகவே இருக்கும். கோடி ரூபாய் எல்.சி.யை விட அவருடைய ஒரு பக்கப் பதிவுக்கே நீண்ட காலப் பாதுகாப்பு தேவை என்பது பலரும் கவனிக்காத செய்தி.

கையொப்பத்தின் சிக்கல் இன்னொரு வகை. இந்தியாவில் டிஜிட்டல் கையொப்பங்களுக்குச் சட்ட ஏற்பு தந்தது 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம். சான்றிதழின் ஆயுள் அதிகபட்சம் மூன்று ஆண்டுகள், அது யு.எஸ்.பி. டோக்கன் ஒன்றில் இருக்கும். (பல சிறு நிறுவனங்களில் அந்த டோக்கனும் அதன் கடவுச்சொல்லும் உரிமையாளரிடம் இராமல் ஆடிட்டர் அலுவலக மேசையில் இருப்பது தனிக் கவலை.) சான்றிதழ் காலாவதியாகலாம், அதைக் கொண்டு கையெழுத்திட்ட கடன் ஒப்பந்தமும் அடமான ஆவணமும் காலாவதியாவதில்லை. பொதுச்சாவியிலிருந்து தனிச்சாவியைக் கணக்கிட முடிந்துவிட்டால், பழைய தேதியிட்ட ஒரு போலி ஒப்பந்தத்தில் உண்மையான கையொப்பத்தைப் போட முடியும். உண்மையில் கையெழுத்திட்டவரும் "இது நான் போட்டதில்லை" என்று மறுக்க முடியும். நம்பகமான நேர முத்திரையும் தனியே காத்த பிரதியும் இல்லாதபோது நீதிமன்றத்தில் இரண்டையும் வேறுபடுத்துவது கடினம்.

இதுவரை உடைந்தவை பூட்டுகள் அல்ல

2016 பிப்ரவரியில் வங்கதேச மத்திய வங்கியின் பெயரில் போலி ஸ்விஃப்ட் கட்டளைகள் அனுப்பப்பட்டு 8.1 கோடி டாலர் பிலிப்பைன்ஸுக்குச் சென்றது. இலங்கைக்கு அனுப்பிய 2 கோடி டாலர், பெறுநர் பெயரிலிருந்த ஓர் எழுத்துப் பிழையால் தடுக்கப்பட்டது. 2018 பிப்ரவரியில் கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியில் இதே வகைத் தாக்குதல் நடந்தது. மூன்று போலிக் கட்டளைகள் வழியாகச் சுமார் 20 லட்சம் டாலர் துபாய், துருக்கி, சீனா நோக்கி அனுப்பப்பட்டது. துபாய்க்குச் சென்றது உடனே தடுக்கப்பட்டது. எங்கும் மறையாக்கம் உடையவில்லை. உள்ளே நுழைந்தவர்கள் முறையான சாவியையே பயன்படுத்தினர்.

ஏற்றுமதியாளர்களைத் தாக்கும் மின்னஞ்சல் மோசடியும் இத்தகையதே. வாங்குபவருக்கும் விற்பவருக்கும் இடையிலான கடிதப் போக்குவரத்தில் ஒருவர் புகுந்து, "எங்கள் வங்கிக் கணக்கு மாறியுள்ளது" என்று ஒரே ஒரு வரி எழுதுகிறார். முகவரியில் ஓர் எழுத்து மாறியிருக்கும். ஒரு தொலைபேசி அழைப்பில் தடுக்கக்கூடியதைத் தடுக்க எந்தக் குவாண்டம் தொழில்நுட்பமும் தேவையில்லை.

குவாண்டம் என்ற சொல்லே தூண்டிலாகவும் பயன்படுகிறது. "குவாண்டம் ஏ.ஐ." என்ற பெயரில் சிறு முதலீட்டுக்குப் பெரும் இலாபம் என்று, நிதியமைச்சரே பரிந்துரைப்பது போன்ற போலிக் காணொளிகள் சமூக ஊடகங்களில் பரவின. அவை பொய் என்று மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் அறிவித்தது. பாசி போரெக்ஸ் என்ற நிறுவனம் திருப்பூரை மையமாகக் கொண்டு ஏறத்தாழ 930 கோடி ரூபாய் மோசடி செய்த வழக்கில், 2022 ஆகஸ்டில் கோவைச் சிறப்பு நீதிமன்றம் இருவருக்கு 27 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. அந்நியச் செலாவணி என்ற புரியாத சொல் அன்று செய்த வேலையைக் குவாண்டம் என்ற புரியாத சொல் இன்று செய்யக்கூடும்.

புதிய பூட்டுகள்

குவாண்டம் கணினியாலும் உடைக்க முடியாது என்று கருதப்படும் கணக்குகளைத் தேடி, அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2016-இல் உலகளாவிய போட்டியைத் தொடங்கியது. 2024 ஆகஸ்ட் 13 அன்று மூன்று தரங்கள் வெளிவந்தன. சாவிப் பரிமாற்றத்துக்கு எம்.எல்.-கெம்; கையொப்பத்துக்கு எம்.எல்.-டி.எஸ்.ஏ., எஸ்.எல்.எச்.-டி.எஸ்.ஏ. இவை இயங்கக் குவாண்டம் கணினி தேவையில்லை. இன்றைய கைப்பேசியிலேயே இயங்கும்.

முதல் இரண்டும் பின்னல்கட்டக் கணக்கின்மீது அமைந்தவை. கட்டம் போட்ட துணியில் எங்காவது ஒரு புள்ளி வைத்து, அதற்கு மிக அருகிலுள்ள கோடுகள் வெட்டும் இடம் எது என்றால் கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம். கட்டங்கள் சாய்ந்தும் நெருக்கியும் போடப்பட்டு, துணிக்கு நீளம் அகலம் என்ற இரண்டுக்குப் பதில் நூற்றுக்கணக்கான திசைகள் இருந்தால் அக்கேள்விக்கு விடை காண்பது மிகக் கடினம். இதற்கு ஷோரின் வழிமுறையைப் போன்ற குறுக்குவழி எதுவும் இதுவரை அறியப்படவில்லை. "இதுவரை" என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். நிஸ்ட் போட்டியின் நான்காம் சுற்றுவரை வந்த சைக் என்ற முறையை, 2022-இல் காஸ்ட்ரிக், டெக்ரூ என்ற இரு ஆய்வாளர்கள் சாதாரணக் கணினியில் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் உடைத்தனர். எனவேதான் பழைய பூட்டும் புதிய பூட்டும் சேர்ந்த இரட்டைப் பூட்டை வல்லுநர்கள் பலர் விரும்புகின்றனர். குரோம் உலாவி 2024 முதல் அப்படித்தான் செய்கிறது. பலர் தமக்கே தெரியாமல் அதைப் பயன்படுத்துகின்றனர்.

புதிய பூட்டின் குறை அதன் பருமன். 2048 பிட் ஆர்.எஸ்.ஏ. கையொப்பத்தின் அளவு 256 பைட்டுகள். எம்.எல்.-டி.எஸ்.ஏ.வின் மிகச் சிறிய வகையிலேயே 2,420 பைட்டுகள். மேசைக் கணினிக்கு இது பொருட்டல்ல. வங்கி அட்டையிலுள்ள சில்லுக்கும், கடையிலுள்ள அட்டை இயந்திரத்துக்கும், யு.எஸ்.பி. டோக்கனுக்கும் இது சுமை. பலவற்றைத் தூக்கியெறிந்து புதிதாக வாங்க வேண்டிவரும்.

பன்னாட்டுத் தீர்வு வங்கி, பிரான்ஸ், ஜெர்மனி நாடுகளின் மத்திய வங்கிகளுடன் சேர்ந்து 2023-இல் பாரிஸ்–பிராங்பர்ட் இடையே இவ்வகைப் பூட்டுகளைச் சோதித்தது. சிங்கப்பூர் நாணய ஆணையம் 2024 பிப்ரவரியில் தன் நாட்டு நிதி நிறுவனங்களுக்கு இதுபற்றி அறிவுரை அனுப்பியது. இந்தியாவில் 2023 ஏப்ரல் 19 அன்று 6,003.65 கோடி ரூபாயில் தேசியக் குவாண்டம் இயக்கத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. அதன் குவாண்டம் தொடர்பியல் மையம் சென்னை ஐ.ஐ.டி.யில் அமைந்துள்ளது. ஒளித்துகள்கள் வழியே சாவியை அனுப்பும் முறையை, 2022 பிப்ரவரியில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமும் டெல்லி ஐ.ஐ.டி.யும் பிரயாக்ராஜ்–விந்தியாசல் இடையே 100 கிலோமீட்டருக்கு மேல் நீளும் ஒளியிழையில் செய்துகாட்டின. இம்முறைக்குத் தனிக் கருவிகள் வேண்டும் என்பதால் பெரிய தரவு மையங்களுக்கிடையே பயன்படலாம். பனியன் கம்பெனியின் கணினிவரை அது வருவது கடினம்.

கடைசியில் மாறுபவர்

2024 ஜூலை இறுதியில், சிறு வங்கிகளுக்குக் கணினிச் சேவை அளிக்கும் சி-எட்ஜ் டெக்னாலஜிஸ் என்ற நிறுவனம் பணயத் தீநிரல் தாக்குதலுக்கு உள்ளானது. அதன் சேவையைப் பயன்படுத்தும் சுமார் 300 கூட்டுறவு, ஊரக வங்கிகளின் யுபிஐ, ஏ.டி.எம். இணைப்பைத் தேசியப் பணப் பரிமாற்றக் கழகம் தற்காலிகமாகத் துண்டித்தது. அந்த வங்கிகள் தாமாக எந்தத் தவறும் செய்யவில்லை. பூட்டும் சாவியும் வேறொருவரிடம் இருந்தன.

பூட்டு மாற்றத்திலும் இதே நிலைதான் வரும். பெரிய வங்கிகளிடம் தனிக் குழுவும் பணமும் உண்டு. கூட்டுறவு வங்கி தன் சேவை நிறுவனத்துக்காகவும், அந்நிறுவனம் மென்பொருள் விற்பவருக்காகவும், அவர் கருவி செய்பவருக்காகவும் காத்திருக்கிறார்கள். பத்துத் தையல் இயந்திரத்துடன் ஜாப் ஒர்க் செய்பவர் இந்த வரிசையின் கடைசியில் நிற்கிறார். மோஸ்காவின் சமனிலியில் "மாற்ற ஆகும் ஆண்டுகள்" அவருக்குத்தான் மிக நீளம். அதைக் குறைக்கும் அதிகாரம் அவரிடம் இல்லை. அவரால் செய்யக்கூடியவை சில உண்டு. டோக்கனைத் தன்னிடம் வைத்துக்கொள்ளலாம். நீண்டகால ஒப்பந்தங்களின் கையெழுத்திட்ட தாள் பிரதியைக் காக்கலாம். புதிய கணக்கு மென்பொருள் வாங்கும்போது மறையாக்க முறையைப் பின்னர் மாற்ற முடியுமா என்று கேட்கலாம்.

நிஸ்ட் 2024 நவம்பரில் வெளியிட்ட வரைவு அட்டவணையின்படி 2048 பிட் ஆர்.எஸ்.ஏ.வைப் 2030-க்குப் பின் தவிர்க்க வேண்டும். 2035-க்குப் பின் பயன்படுத்தவே கூடாது. இது அமெரிக்க அரசுத் துறைகளுக்கானது என்றாலும், உலக மென்பொருள் நிறுவனங்கள் இதையொட்டியே தம் திட்டங்களை வகுக்கின்றன. 2025-இல் ஒரு தொழிற்கூட உரிமையாளர் தன் இடத்தை அடமானம் வைத்து, 15 ஆண்டுத் தவணையில், டிஜிட்டல் கையொப்பமிட்டுக் கடன் வாங்கியிருந்தால், அவருடைய கடைசித் தவணை 2040-இல் வரும்.